நெடுந்தீவின் பெயர் குறித்து நெடுந்தீவு பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நெடுந்தீவு மேற்கில் பிறந்து, தமிழாசிரியனாக வேலை பார்த்து, இப்போது யாழ்ப்பாண நகரில் ஓய்வுக் காலத்தைக் கழிக்கும் ஒருவன் தங்களுக்கு எழுதும் மடல் இது. குடிநீர், வீதி, படகுச் சேவை என்று அன்றாடம் சபையின் கதவைத் தட்டும் தேவைகள் பல இருக்க, ஊரின் பெயரைப் பற்றி ஒருவன் பக்கம் பக்கமாக எழுதுவது வேலையற்றவன் வேலையாகத் தோன்றக்கூடும். ஆனால் நான் கேட்கப்போவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. சபையின் ஒரு தீர்மானமும், அடுத்த முறை பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூசும்போது சற்றுக் கவனமும் போதும்.

கேட்பது இதுதான். தமிழில் நெடுந்தீவு என்றும், ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நெதர்லாந்து நகரொன்றின் பெயரான டெல்வ்ற் என்றும், ஏதோ இரண்டு ஊர்களைப் போல எழுதப்பட்டு வரும் நம் தீவின் பெயரை மூன்று மொழிகளிலும் நெடுந்தீவு என்ற ஒலியிலேயே எழுதச் சபை முன்னின்று வழிசெய்ய வேண்டும். டெல்வ்ற் என்பது பழம்பெயராக வரலாற்றுக் குறிப்புகளில் இருக்கட்டும், முகவரியில் வேண்டாம். அதைவிட அவசரமாக, அண்மைக் காலத்தில் விடுதி விளம்பரங்களிலும் பயணக் குறிப்புகளிலும் டெல்வ்ற் தீவு என்று தமிழ் எழுத்திலேயே எழுதும் வழக்கம் தலைகாட்டுகிறதே, அதை முளையிலேயே நிறுத்த வேண்டும்.

நம்மவர் ஒருவர் ரொறன்ரோவிலோ பாரிசிலோ கண்மூடினால் வருகிற மரண அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். 'நெடுந்தீவு மேற்கைப் பிறப்பிடமாகவும், வவுனியாவை வதிவிடமாகவும், பிரான்சைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட' என்றுதான் அது தொடங்கும். நாற்பது ஆண்டுகள் ஐரோப்பாவில் வாழ்ந்து முடித்தவரானாலும் முதற் சொல்லாக வருவது அந்தப் பெயரே. 'டெல்வ்ற்றைப் பிறப்பிடமாகவும்' என்று தொடங்கும் ஓர் அறிவித்தலை நான் இன்றுவரை கண்டதில்லை. தாங்களும் கண்டிருக்க மாட்டீர்கள். கலியாணப் பேச்சில் 'பொடியன் எந்த இடம்?' என்று கேட்டால் வரும் விடையும், கோயில் உபயகாரர் பட்டியலில் பெயருக்கு முன்னால் எழுதப்படுவதும் அதுவே. ஆக, தன் ஊரைத் தானே குறிக்கும்போது நெடுந்தீவார் ஒருவரேனும் பயன்படுத்தாத ஒரு சொல், அவ்வூரின் அரசமுறைப் பெயராக வேறு இரு மொழிகளில் நிலைத்திருக்கிறது.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். என் தமக்கையின் மகனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தமிழில் 'பிறந்த இடம்: நெடுந்தீவு' என்றிருந்த அவனுடைய பிறப்புச் சான்றிதழ், ஆங்கில மொழிபெயர்ப்பில் டெல்வ்ற் ஆயிற்று. ஐரோப்பிய நாடொன்றில் அதை வாங்கிப் பார்த்த அலுவலர், 'நீர் நெதர்லாந்தில் பிறந்தவரா?' என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பத்திரத்தில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறொரு பெயரும் இருக்க, இரண்டும் ஓரிடமே என்று நிறுவுவதற்கு அவன் மேலும் ஒரு கடிதம் எடுக்க வேண்டியதாயிற்று. கடுதாசியில் வந்த தொல்லை கடுதாசியோடு போயிற்று என்று விட்டுவிடலாம். ஆனால் வெளிநாட்டில் பிறந்த நம் பேரப்பிள்ளைகள் அப்பப்பாவின் ஊரைக் கணினியில் தேடும்போது, அவர்கள் முன் வந்து நிற்பது நீலப் பூவேலை செய்த பீங்கான் தட்டுகளும் வாய்க்கால் ஓரத்து ஓட்டு வீடுகளுமே. பவளக்கல் அடுக்கிய வேலியைக் காண அவர்கள் பல பக்கங்கள் தாண்ட வேண்டியிருக்கிறது.

பெயரின் பொருளுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தமான இடம் இது என்பதால் சற்று நின்றுதான் போவேன், பொறுத்தருளுங்கள். உல்லாசப் பயணிகளுக்கான குறிப்புகளில் 'நெடுந்தீவு என்றால் நீளமான தீவு' என்ற ஒரு வரி தவறாமல் இருக்கும். பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவுதானா என்றால், இல்லை. நெடுமை என்ற பண்புச்சொல் தீவு என்ற சொல்லோடு சேரும்போது, ஈறு போய், வரும் தகரத்துக்கு இனமான நகரமெய் நடுவில் தோன்றி நெடுந்தீவு ஆகிறது என்பது பள்ளிக்கூடத்து இலக்கணம். இலக்கணம் சொல்லாமல் விடுவது, அது எதனுடைய நெடுமை என்பதை. நெடுமரம் என்றால் உயரம். நெடுந்தெரு என்றால் நீளம். நெடுநாள் என்றால் காலம். நெடுவழி என்றால் தொலைவு. 'நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும்' என்று வள்ளுவர் சொல்லும்போது அங்கே நீளமா, ஆழமா, பரப்பா, பெருமையா என்று பிரித்துக் கேட்பதே பேதைமை. தமிழில் 'நெடு' என்ற அடை, கண்ணுக்கோ காலுக்கோ காலத்துக்கோ எளிதில் எட்டாத எல்லாவற்றுக்கும் வந்து பொருந்துகிற சொல்.

வரைபடத்தில் பார்த்தால் நம் தீவு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீள்வட்டம் போன்றது. பார்த்தவுடன் 'என்ன நீளம்!' என்று வியக்கத்தக்க வடிவம் அதற்கு இல்லை. ஆனால் பெயரிட்டவர்கள் வரைபடத்தைப் பார்த்துப் பெயரிடவில்லை. மலையோ குன்றோ இல்லாத இத்தட்டை நிலம், படகிலிருந்து பார்ப்பவனுக்குக் கடலின் விளிம்பில் இழுத்து விட்ட ஒரு கோடாகவே முதலில் தெரியும். அந்தக் கோட்டின் மேல் பனைகள் ஒவ்வொன்றாக முளைப்பதற்கு வெகுநேரம் ஆகும். அந்த நீளம் உண்மையான நீளம். தொலைவும் அப்படியே. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணையைக் கடந்து, வேலணை ஊடாக, வாணர் தாம்போதி தாண்டிப் புங்குடுதீவுக்குப் போய், குறிகட்டுவானில் பேருந்தை விட்டிறங்கி, அதன்பிறகும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போகவேண்டிய ஊரை நெடுந்தொலைவுத் தீவு என்று ஒருவன் சொன்னால் மறுக்க எவருக்கு மனம் வரும்? என் சாய்வு இந்தத் தொலைவின் பக்கமே. ஓர் ஊரில் இருப்பவன் தன் ஊரைத் தொலைவு என்று சொல்லான். மற்றத் தீவுகளிலிருந்து மேற்கே பார்த்தவர்களோ, பாய்விரித்து வந்தவர்களோ இட்ட பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதை ஒப்பாதவர்கள் நீளம் என்றே வைத்துக்கொள்ளட்டும். பலகைகளில் மட்டும் இரண்டு பொருளையும் எழுதுங்கள். ஒரு சொல்லில் இரண்டு பொருள் இருப்பது அதன் குறையாகாது.

இனி டெல்வ்ற் என்பதன் பொருளையும் பார்க்க வேண்டும்; எதிராளியின் வழக்கையும் கேட்பதுதான் முறை. நெதர்லாந்தில் உள்ள அந்நகரின் பெயர், தோண்டுதல் என்ற பொருளுடைய டச்சுச் சொல்லின் வழியாக, தோண்டப்பட்ட வாய்க்கால் என்று பொருள் தருவது. ஓர் ஆறும் இல்லாத, வாய்க்கால் வெட்டினால் உப்புநீர் ஏறிவிடும் சுண்ணக்கல் தீவுக்கு வாய்க்கால் என்று பெயர். சாறாப்பிட்டியில் தோண்டிய நன்னீர்க் கிணறுகளை நினைத்தால் ஒருவேளை பொருந்தலாம் என்று நானே சிரித்துக்கொள்வதுண்டு.

ஆயினும் அந்தப் பெயரை இட்டவர்கள் பொருளை எண்ணி இடவில்லை. 1602இல் தோன்றிய ஒல்லாந்தக் (டச்சு) கிழக்கிந்தியக் கம்பனி, ஆறு நகரங்களில் இருந்த ஆறு சபைகளால் ஆளப்பட்டது. ஆம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், டெல்வ்ற், ரொட்டர்டாம், ஹோர்ண், என்க்ஹைசன் என்பன அந்நகரங்கள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த கையோடு, கம்பனியார் நம் தீவுகளின் மேல் தங்கள் நகரப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க். அனலைதீவு ரொட்டர்டாம். வேலணைக்கு லைடன் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் வேறு இரண்டு நகரங்களின் பெயர்கள் கிடைத்தன. யாழ்ப்பாணத்தில் மதகுருவாக இருந்த பிலிப்பஸ் பல்தேயுஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட நூலின் வழியாக இப்பெயர்கள் ஐரோப்பாவில் பரவின. பங்குதாரர்களின் ஊர்ப் பெயர்களைச் சரக்கின் மேல் குத்தும் முத்திரைகளாகவே நான் இவற்றைப் பார்க்கிறேன். அங்கே வாழ்ந்த மனிதர் தம் ஊரை என்னவென்று அழைத்தார்கள் என்ற கேள்வி அந்த முத்திரைக்குத் தேவைப்படவில்லை.

இதற்கு முன் வந்த போர்த்துக்கேயர் நம்மை வருத்தியதில் ஒல்லாந்தருக்குக் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் பெயர் விடயத்தில் அவர்கள் செய்தது வேறு. அவர்கள் நெடுந்தீவை 'இல்லா டாஸ் வாக்காஸ்', அதாவது பசுக்களின் தீவு என்றார்கள். பசுத்தீவு என்ற பெயர் நம் தீவுக்குப் பண்டு வழங்கியது என்பது ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். அவர்கள் அதைக் கேட்டு மொழிபெயர்த்தாலும் சரி, மேய்ச்சல் தரவைகளில் மாடுகளைக் கண்டு தாமே சொன்னாலும் சரி, அந்தப் பெயரில் நெடுந்தீவு தெரிகிறது. பாலும் தயிரும் நெய்யும் தந்த நிலம் தெரிகிறது. வெளியார் இடும் பெயர்கள் எல்லாவற்றையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பக்கத்து ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னால் இது இன்னும் விளங்கும். நயினாதீவுக் கோயிலில் உள்ள பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் அரசுக்கு நாலில் ஒரு கூறு என்று விதிக்கும் அக்கல்வெட்டு, இன்றைய ஊர்காவற்றுறையை ஊராத்துறை என்கிறது. சிங்களத்தில் அது ஊராதொட்ட. சிங்களத்தில் 'ஊரா' என்றால் பன்றி என்பதால், பாளி நூலில் அது பன்றித்துறை என்று பொருள்படும் சூகரதித்த ஆகிவிட்டது. போர்த்துக்கேயர் வாயில் இறங்குதுறை என்ற பொருளுடைய 'காயிஸ்' என்ற சொல் வந்து, ஆங்கிலத்தில் கயிற்ஸ் என்று நின்றது. ஒரு துறைமுகத்தைச் சுற்றி ஐந்து மொழிகள் கூடிப் பேசியதன் தடம் இது. ஒவ்வொரு மொழியும் மற்றதைச் சரியாகவோ பிழையாகவோ காதில் வாங்கியிருக்கிறது. யாழ்ப்பாணம் ஆங்கிலத்தில் ஜஃப்னாவாகவும் சிங்களத்தில் யாப்பனயவாகவும் ஆனதும் இவ்வகையே. பிறர் நாவில் தேய்ந்தது நம் பெயரின் உடம்புதான். அதை மாற்றச் சொல்லி நான் மடல் எழுதமாட்டேன். பருத்தித்துறைக்குப் பொயின்ற் பீற்றர் என்று ஆங்கிலத்தில் எழுதினாலும், அதன் பின்னால் அங்குள்ள கற்பாறைக் கரையைக் கண்டு போர்த்துக்கேயர் சொன்ன கல்முனை என்ற பொருள் இருக்கிறது. டெல்வ்ற் என்ற சொல்லில் மட்டும் நெடுந்தீவின் ஓர் ஒலியும் இல்லை, ஒரு கல்லும் இல்லை, ஒரு மாடும் இல்லை.

அந்த ஒல்லாந்த முத்திரைகள் பிறகு என்னவாயின? 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின், ஆம்ஸ்டர்டாமும் மிடில்பேர்க்கும் ரொட்டர்டாமும் ஹார்லெமும் ஒவ்வொன்றாக மறைந்தன. லைடன் மட்டும் ஆங்கில வரைபடங்களில் சற்றுக் கூடுதல் காலம் இழுபட்டது. இன்று காரைநகரில் போய் 'ஆம்ஸ்டர்டாமுக்கு எந்த வழி?' என்று கேட்டால் விமான நிலையத்துக்குத்தான் வழிகாட்டுவார்கள். காரைதீவு காரைநகர் ஆனதே கூட, கிழக்கு மாகாணத்துக் காரைதீவோடு குழம்பாதிருக்க வேண்டும் என்று அவ்வூரார் தாமே விரும்பிச் செய்துகொண்ட மாற்றம்; ஓர் ஊரின் சொல் அரசுப் பதிவேட்டை மாற்றும் என்பதற்கு நமக்கு மிக அருகில் உள்ள சான்று அது. எல்லாத் தீவுகளும் தங்கள் பெயரை மீட்டுக்கொள்ள, கடைசித் தீவாகிய நாம் மட்டும் அந்த முத்திரையைச் சுமந்துகொண்டிருக்கிறோம். ஆங்கிலேயர் இங்கே குதிரை வளர்ப்பில் காட்டிய அக்கறையால் இத்தீவின் பெயர் அவர்கள் பதிவேடுகளில் அடிக்கடி வந்து உறுதிப்பட்டிருக்கலாம் என்று எண்ணுகிறேன். அதைவிட முக்கியமான காரணம் தொலைவுதான். எவரும் அடிக்கடி வராத ஊரின் பெயரைத் திருத்த எவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

ஒல்லாந்தரைக் குறை சொல்லிக் காலம் கழிப்பது என் நோக்கமன்று. அவர்கள் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1972இல் இந்நாடு சிலோன் என்ற பெயரைக் கைவிட்டு ஸ்ரீ லங்கா ஆயிற்று. 2011இல் அரச நிறுவனங்களின் பெயர்களில் எஞ்சியிருந்த சிலோனையும் நீக்க அரசு முடிவெடுத்தது. நாட்டுக்கே அப்படி ஒரு நியாயம் இருந்தபோது, 2015இல் நம் தீவின் தென்பகுதித் தரவைகளையும் அங்கு திரியும் குதிரைகளையும் காக்கத் தேசியப் பூங்கா ஒன்றை அறிவித்தவர்கள் அதற்கு இட்ட பெயர் டெல்வ்ற் தேசியப் பூங்கா. அதே காலத்தில் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் பூங்கா சுண்டிக்குளம் என்றே பெயர் பெற்றது. ஆக இந்தப் பெயரை இன்று புதிது புதிதாக ஒட்டுபவர்கள் ஒல்லாந்தர் அல்லர். நாமே வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சபையின் ஆங்கிலக் கடிதத் தலைப்பில் இருப்பதும் டெல்வ்ற் என்பதே அல்லவா?

எதிர்ப்புகள் வரும். வெளிநாட்டுப் பயணிகள் டெல்வ்ற் என்ற பெயரை அறிந்து வருகிறார்கள், மாற்றினால் வருமானம் போகும் என்பது முதல் எதிர்ப்பு. கடலோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் ஊரில் விடுதி நடத்துபவர்களின் கவலையை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஆனால் பயணி டெல்வ்ற் நகரத்தைக் காண இங்கு வருவதில்லை. பெருக்குமரத்தையும், புறாக்கூட்டையும், குதிரைகளையும், சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய வேலிகளையும் காண வருகிறார். அவை இருக்குமிடத்தின் பெயரை இரண்டு நாளில் பழகிக்கொள்ள அவரால் முடியும். சில காலத்துக்கு அடைப்புக்குறிக்குள் பழைய பெயரையும் சேர்த்து எழுதினால் எவரும் வழிதவறிப் போகமாட்டார். வேறு சிலர், இது வரலாற்றை அழிப்பதாகும் என்பார்கள். அழிக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். கோட்டை இடிபாட்டின் முன் நிற்கும் பலகையில், யார் எப்போது எதற்காக இந்தப் பெயரை இட்டார்கள் என்று விரிவாக எழுதுங்கள். ஒட்டிய பெயர் ஒட்டிய கதையோடு சேர்ந்து நிற்பதே வரலாறு.

மூன்றாவது எதிர்ப்பில்தான் உண்மையிலேயே நியாயம் இருக்கிறது. நெடுந்தீவு என்பதை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். தீவு என்பதன் தகரத்துக்கு ஒருவர் ஓரெழுத்தும் மற்றவர் ஈரெழுத்தும் போடுகிறார். ஈகாரத்தை ஒருவர் நீட்டுகிறார், மற்றவர் குறுக்குகிறார். இந்தக் குழப்பத்தைக் கண்ட அலுவலர் ஒருவர், ஒரே மாதிரி எழுதக்கூடிய டெல்வ்ற் என்பதைத் தெரிந்தெடுத்தால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நாவெழாது. ஆகையால் சபை முதலில் செய்ய வேண்டியது, தீவிலுள்ள ஆசிரியர்களையும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை, புவியியற்றுறை அறிஞர்களையும் கூட்டிவைத்து, ஆங்கில எழுத்தில் ஒன்று, சிங்கள எழுத்தில் ஒன்று என்று நிலையான எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து தீர்மானமாக்குவதே. அதை மாகாண நிருவாகத்தின் வழியாக நில அளவைத் திணைக்களத்துக்கு அனுப்பினால், 1800ஆம் ஆண்டு முதல் இந்நாட்டை அளந்துவரும் அத்திணைக்களத்துக்கு ஒரு பெயரைத் திருத்துவது பெரிய காரியமாக இராது. 1967இல் ஜெனீவாவில் முதன்முறையாகக் கூடிய ஐக்கிய நாடுகளின் புவியியற் பெயர் மாநாடும், அதன்பின் வந்த மாநாடுகளும், உள்ளூரார் வழங்கும் பெயருக்கு முதலிடம் கொடுத்து வெளியார் இட்ட பெயர்களைக் குறைக்குமாறே பரிந்துரைத்து வந்துள்ளன. ஆகவே நாம் புதிதாக ஒரு வழக்கத்தைத் தொடங்குபவர்கள் ஆகமாட்டோம்.

எழுத்துக்கூட்டல் முடிவாகும்போது இன்னொரு சிறிய செய்தியையும் கவனிக்க வேண்டும். தீவு என்ற சொல் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் ஆங்கிலத்தில் இன்னொரு தீவைச் சேர்த்து 'நெடுந்தீவுத் தீவு' என்று பொருள்படும்படி எழுதுவது, நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் நேர்ந்த விபத்து. நமக்கும் நேர வேண்டாம்.

தமிழில் டெல்வ்ற் என்று எழுதுபவர்களுக்கு ஒரு தமிழாசிரியனாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். அந்தச் சொல்லைத் தமிழில் டெல்ப்ட், டெல்வ்ட், டெல்வ்ற், டெல்ஃப்ட் என்று நான்கு விதமாகக் கண்டிருக்கிறேன். இந்த மடலில் நான் எழுதுவதும் அவற்றுள் ஒன்றே. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது என்பது நம் மொழியின் இயல்பு. வாயில் நில்லாத ஒன்றை வலிந்து எழுதினால் அதன்மேல் வேற்றுமை உருபை ஏற்றுவதும் பாடாகிறது. டெல்வ்ற்றுக்கா, டெல்வ்டிற்கா? நெடுந்தீவுக்கு என்று சொல்ல எந்தக் குழந்தையும் தடுமாறுவதில்லை. நம் கடலில் ஓட விட்ட படகுக்கு நெடுந்தாரகை என்று பெயர் வைத்தவர், அந்த 'நெடு' என்ற அடையைத்தான் தேடி எடுத்தார். அதைக் கேட்ட எவருக்கும் அது எந்த ஊர்ப் படகு என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளிலும் நம் பெயர் அடிக்கடி வருகிறது. 'நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது' என்ற தலைப்பை இராமேசுவரத்தில் படிக்காதவர் இரார். கடலின் இரு கரையிலும் மீனவரின் வயிற்றைப் பற்றிய அந்தச் செய்தியைப் பற்றி இங்கே பேசவரவில்லை. ஆனால் அதே செய்தி ஆங்கிலப் பத்திரிகையில் டெல்வ்ற் அருகே என்று வரும்போது, இரண்டையும் படிக்கும் ஒருவர் அவை வேறுவேறு இடங்கள் என்று எண்ணிக்கொள்வதை நேரில் கண்டிருக்கிறேன். அக்கரைத் தமிழருக்கு நம் ஊர்ப் பெயர் கைதுச் செய்தியின் முகவரியாக மட்டுமே தெரிந்திருப்பது வேறொரு துயரம்.

பெரிய பெயரைக் காக்கும் கையோடு சிறிய பெயர்களையும் பாருங்கள். இதுவே என் கடைசி விண்ணப்பம். ஆனால் காலத்தோடு போட்டியிடுவதும் இதுவே. நாம் படகேறும் துறையைச் சில பலகைகள் குறிகட்டுவான் என்கின்றன, சில குறிகாட்டுவான் என்கின்றன. கட்டுவதா, காட்டுவதா? ஒரு கால் கூடினாலும் குறைந்தாலும் பொருளே மாறிப்போகிறது. புங்குடுதீவு அடங்கும் வேலணைப் பிரதேச சபையோடு சேர்ந்து பேசித் தீர்க்க வேண்டியது அது. நம் தீவுக்குள், நாம் இறங்கும் மாவிலித்துறையின் பெயரும் எழுதுபவர் கைக்கேற்ப மாறுகிறது. வெடியரசன் கோட்டை என்று நாம் சொல்லும் இடத்தில் உள்ள கல் எச்சங்கள் எக்காலத்தவை, எச்சமயத்தவை என்று தொல்லியலார் ஆயட்டும். ஊரார் தலைமுறை தலைமுறையாக அவ்விடத்துக்கு வழங்கிய பெயர் பலகையில் இருந்தாக வேண்டும் என்பது அந்த ஆய்வின் முடிவுக்குக் காத்திராத செய்தி. ஒவ்வொரு கிணற்றுக்கும், தரவைக்கும், குளத்துக்கும், கரைக்கும் ஒரு பெயர் இருந்தது. வட்டாரங்களுக்கு எண் கொடுத்த பிறகு அப்பெயர்கள் முதியவர்களின் வாயில் மட்டுமே மிஞ்சின. இடப்பெயர்வுகளுக்குப் பின் அம்முதியவர்களிற் பலர் தீவில் இல்லை. ஆறு கிராம அலுவலர் பிரிவுகளிலும் பிரிவுக்கு இரண்டு இளைஞரை நியமித்து, இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் செய்தால், ஒரு கோடைவிடுமுறையில் முடியும் வேலை. எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்க நான் வருகிறேன். படகுக் கட்டணம் கூட வேண்டாம்.

மாவிலித்துறையில் இறங்குதுறைப் பலகைக்கு அடுத்த தடவை வர்ணம் அடிக்கும் நாளை எனக்கு ஒரு வாரம் முன்னதாக அறிவிக்கும்படி சபைச் செயலாளரிடம் சொல்லி வைப்பீர்களாயின் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
நெடுந்தீவு மேற்கைப் பிறப்பிடமாகக் கொண்ட
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்